ராஜ்மகால் மலையிலிருந்து

கர்த்தருக்குள் பிரியமான தோழிக்கு,

ஸ்தோத்திரம். நான் புறப்பட்ட அன்றைக்குத்தான் உன் கடிதம் கைக்குக் கிடைத்தது. ஹவுரா ரயிலில் விஜயவாடா தாண்டுவதற்குள் திரும்பத் திரும்பப் படித்துவிட்டேன். அண்ணனுக்கு மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்காக ஆண்டவருக்கு நன்றி. படி ஏற அவசரப்பட வேண்டாம் என்று சொல். வலிக்கிறது என்று பிசியோதெரபியை மட்டும் நிறுத்திவிடக் கூடாது.

மகளைப் பற்றி நீ எழுதியதற்குத்தான் உடனே பதில் எழுத வரவில்லை. நல்ல வேலையை விட்டுவிட்டு மிஷனெரியாகப் போகிறேன் என்கிறாள். "கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று எல்லாரும் சொல்கிறார்கள், மாதக் கடைசியில் எப்படிப் பார்த்துக்கொள்வார் என்று ஒருத்தரும் சொல்வதில்லை" என்று எழுதியிருந்தாய். தாய் கேட்கிற கேள்வி அது. கூட்டங்களில் சொல்கிற பதிலை உனக்குச் சொல்ல எனக்கு மனசில்லை. இங்கே பார்த்ததை எழுதுகிறேன், நீயே யோசித்துக்கொள்.

ஜார்க்கண்டில் சாகிப்கஞ்ச் மாவட்டம் இது. கங்கை இந்த மலைகளைச் சுற்றி வளைந்துதான் வங்காளத்துக்குள் இறங்குகிறது. பர்ஹர்வா ஜங்ஷனில் இறங்கி, ஜீப் போகிறவரை ஜீப், அப்புறம் நடை. இந்த மலைப் பழங்குடிகளான மால்தோ மக்களின் வீடுகள் எல்லாம் மேட்டிலேயே இருக்கின்றன. தண்ணீருக்குக் கீழே ஊற்றுக்கு இறங்கி, குடத்தோடு மேலே ஏற வேண்டும். அவர்கள் பேசுவது நம் திராவிடக் குடும்பத்து மொழிதான், ஆனாலும் எனக்குப் பிடிபடவில்லை. இங்கே ஊழியம் செய்கிறவரின் மனைவிதான் எனக்காகப் பேசுகிறாள். நம் தேரிக்காட்டுப் பக்கத்துப் பெண். என்னை அக்கா என்கிறாள், எனக்கும் அவள் தங்கச்சிதான்.

மருத்துவ முகாமில் அதிகம் பார்ப்பது காய்ச்சல்தான். மலேரியா ஒரு பக்கம், காலா அசார் ஒரு பக்கம். நாம் நர்ஸிங் படிக்கும்போது பரீட்சைக்காக மனப்பாடம் செய்தோமே, மணல் ஈ கடித்து வருகிற அதே நோய். இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல் என்று சொல்லி வருகிற பிள்ளையின் வயிற்றைத் தொட்டால் மண்ணீரல் கையில் தட்டுப்படுகிறது. இப்போது ஒரே நாளில் ஏற்றிவிடுகிற மருந்து அரசு மருத்துவமனையில் இலவசமாகவே உண்டு. மலையிலிருந்து அந்தப் பிள்ளையைக் கீழே கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பாடு.

சரி, சாப்பாட்டு விஷயத்துக்கு வருகிறேன். வந்த கொஞ்ச நாளிலேயே கோடைமழை பெரிதாகப் பிடித்து, பாதையில் மண் சரிந்து ஜீப் வரவில்லை. எங்கள் குழுவுக்கான அரிசியும் பருப்பும் அந்த ஜீப்பில்தான் வர வேண்டியது. வீட்டுக்காரர்கள் தங்களுக்கென்று டிரம்மில் வைத்திருந்த அரிசியை எங்களுக்கும் சேர்த்துப் பொங்கினாள் தங்கச்சி. டிரம்மின் அடியை அவள் கரண்டியால் சுரண்டுகிற சத்தம் கேட்டபோது எங்களில் ஒருவரும் பேசவில்லை. அன்று இரவு ஜெபத்தில் "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்று சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. அறுபது வயது வரைக்கும் அந்த ஜெபத்தை வயிறு நிறைந்த பிறகுதானே சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் மத்தியானம் ஒரு பாட்டி வந்தாள். முந்தின வாரம் அவள் பேரனுக்கு நான்தான் ரத்தப் பரிசோதனை செய்தேன். இலையில் பொதிந்து அவித்த தட்டப்பயறு கொண்டு வந்திருந்தாள். இங்கே அதை பர்பட்டி என்கிறார்கள். அவளுக்குப் பின்னாலேயே இன்னொரு வீட்டிலிருந்து மக்காச்சோளக் குருணையில் பொங்கிய சோறு வந்தது. நாங்கள் ஸ்தோத்திரம் சொல்லிச் சாப்பிட்டோம். எங்களோடு வந்த தம்பி ஒருவர், "பார்த்தீர்களா, பஞ்சத்தில் எலியா தீர்க்கதரிசிக்குக் காகம் சாப்பாடு கொண்டுவந்த மாதிரி" என்று ஆனந்தமாகச் சொன்னார்.

அன்று சாயங்காலம் பேரனைப் பார்க்க அந்தப் பாட்டியின் வீட்டுக்குப் போனேன். அடுப்புக்கு மேலே புகை படுகிற இடத்தில் ஒரு பானை. வண்டு விழாமல் இருக்க விதையை அங்கேதான் வைப்பார்களாம். மழை பிடித்ததும் மலைச்சரிவில் ஊன்றுவதற்கு வைத்த பர்பட்டி விதை அது. அதிலிருந்துதான் எங்களுக்கு அவித்துக் கொடுத்திருக்கிறாள். இந்த மாதங்களில் இங்கே ஒரு வீட்டிலும் தானியம் மிஞ்சியிருக்காது. விதை குறைந்தால் வட்டிக்குக் கொடுக்கிற மகாஜனிடம் கடன் வாங்க வேண்டும். அந்தக் கடன் அடுத்த அறுப்பில் பாதியைக் கொண்டுபோய்விடும்.

நாங்கள் ஜெபித்தோம், கர்த்தர் கொடுத்தார். அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் கொடுத்தது எந்தப் பானையிலிருந்து என்று பார்த்த பிறகு, அந்தச் சாட்சியை "அற்புதமாகச் சாப்பாடு வந்தது" என்று ஒரு வரியில் சொல்லி முடிக்க முடியாது. குடிக்கத் தண்ணீர் கொடுத்த ஆறு வற்றிப்போன பிறகு எலியாவைக் கர்த்தர் எங்கே அனுப்பினார்? சாறிபாத்தில் ஒரு விதவையிடம். ஊரில் பணக்காரர் இல்லாமலா இருந்திருப்பார்கள்? கடைசிப் பிடி மாவை வைத்திருந்தவளிடம்தான் அனுப்பினார். அந்தப் பகுதியை எத்தனை பிரசங்கத்தில் கேட்டிருப்போம்! எல்லாவற்றிலும் தீர்க்கதரிசியின் பக்கமே நின்று கேட்டிருக்கிறோம். அவள் அடுப்படியில் நின்று கேட்டால் அது வேறு கதை.

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டுமா என்று தங்கச்சியிடம் கேட்டேன். "சாப்பிடாமல் விட்டால் அவமானப்படுத்தின மாதிரி ஆகிவிடும் அக்கா. அவங்க கொடுத்ததைச் சாப்பிடுங்க. விதைக்கிற நேரத்தில் நாம் கொடுப்போம், அவங்களும் அவமானமில்லாமல் வாங்கிப்பாங்க" என்றாள். சீஷர்களை அனுப்பும்போது ஆண்டவரும் அதைத்தானே சொன்னார்: அவர்கள் கொடுக்கிறதைப் புசித்து அந்த வீட்டிலேயே தங்கியிருங்கள் என்று.

பணப்பை எடுத்துப் போகாதீர்கள் என்று அனுப்பினவர், பிடிபட்ட இரவில் அதே சீஷர்களிடம், இப்போது பணப்பை உள்ளவன் எடுத்துக்கொள்ளட்டும் என்றும் சொன்னார். இரண்டும் லூக்காவிலேயே இருக்கிறது. அதனால் மலேரியா மாத்திரையும் கொசுவலையும் இல்லாமல் வந்து "கர்த்தர் காப்பார்" என்பதை நான் விசுவாசம் என்று சொல்லமாட்டேன். மழைக்காலத்துக்கு டிரம்மில் அரிசி சேர்க்கிற தங்கச்சியின் விசுவாசத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அந்த டிரம்மை எங்களுக்காகத் திறந்தாளே, அங்கேதான் அவள் விசுவாசத்தைப் பார்த்தேன்.

சம்பளமில்லாமல் கர்த்தரை நம்பி ஊழியம் செய்வது நம் ஜில்லாவுக்குப் புதிதும் இல்லை. 1833-ல் இந்தியாவுக்கு வந்த குரோவ்ஸ் என்ற பல் டாக்டர், பிரிஸ்டலில் அநாதைப் பிள்ளைகளை வளர்த்த ஜார்ஜ் முல்லரின் மைத்துனர். நிலையான சம்பளம் இல்லாமல் ஊழியம் செய்தவர். அவரோடு சேர்ந்த நம் திருநெல்வேலிக்காரர் அருளப்பனும் அப்படியே செய்தார். 1840-ல் கிறிஸ்டியன்பேட்டையை ஏற்படுத்தி, ஜனங்களோடு குடியிருந்தார். டோனாவூரில் பிள்ளைகளை எடுத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மாவும் அத்தனை பிள்ளைகளை வைத்துக்கொண்டு யாரிடமும் பணம் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதைத்தான் நாம் பெரிதாகப் பேசுகிறோம். கேட்காமலே கொடுத்தவர்களும் இருந்தார்கள் அல்லவா? மிசோராமில் பெண்கள் 1910-லிருந்து உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி எடுத்து வைக்கிறார்கள். அந்த அரிசியை விற்ற காசு ஊழியத்துக்குப் போகிறது. உங்கள் அம்மா வீட்டிலும் பிடி அரிசிக் கலயம் இருந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

உன் கேள்விக்கு வருகிறேன். மகளுக்கு மாதக் கடைசி கஷ்டமாகத்தான் இருக்கும். தங்கச்சியின் பிள்ளைகள் டோனாவூரில் மிஷனெரிப் பிள்ளைகளுக்கென்றே இருக்கிற சந்தோஷ வித்யாலயாவில் படிக்கிறார்கள். அவள் அவர்களைப் பார்ப்பது லீவுக்குத்தான். அரிசியைவிட அதுதான் அவளுக்குப் பெரிய தேவை. அதற்காக அவள் அழுததை நான் பார்த்தேன். மறுநாள் காலையில் முகாமுக்கு என் முன்னால் வந்து நின்றதையும் பார்த்தேன். எனக்கு அங்கே ஆறுதல் சொல்லவும் வாய் வரவில்லை.

ஆனால் பட்டினி கிடப்பாள் என்று நீ பயப்படுகிறாயே, அந்தப் பயத்தை விடு. கர்த்தர் கொடுக்கிறார். யாரோ ஒரு பாட்டியின் கையால் கொடுப்பார், நம் சபையின் கையால் கொடுப்பார், உன் கையாலும் கொடுப்பார். நீ இன்னும் அவளுக்குச் சம்மதம் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாய். நான் உன்னை நெருக்கவில்லை. நேரம் எடுத்துக்கொள், அவளோடு உட்கார்ந்து பேசு. சாப்பாட்டைப் பற்றி மட்டும் கேட்காதே, காய்ச்சல் வந்தால் யார் பக்கத்தில் இருப்பார்கள், எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வரலாம் என்றும் அனுப்புகிற சங்கத்தாரிடம் நேரிலேயே கேள். கேட்பது அவிசுவாசம் இல்லை.

ஜீப் பாதை இப்போது சரியாகிவிட்டது. எங்கள் அரிசி வந்து, டிரம்மை நிரப்பிவிட்டோம். பாட்டியின் பேரனைக் கீழே ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. காய்ச்சல் இறங்கிக்கொண்டிருக்கிறது. அவனுக்காக ஜெபித்துக்கொள்.

இன்னொன்று. இந்த மாதம் பெண்கள் ஐக்கிய சங்கம் கூடும்போது விதை விஷயத்தைச் சொல்கிறாயா? பயறு மூட்டையை அங்கேயிருந்து அனுப்ப வேண்டாம், இங்கே ஹாட் என்கிற சந்தையிலேயே விதை கிடைக்கிறது. பணமாக அனுப்பினால் போதும், ஆனால் பருவமழை பிடிப்பதற்குள் வந்து சேர வேண்டும். என் பங்கை நான் இங்கேயே கொடுத்துவிட்டேன். அண்ணனுக்கும் மகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன் ஜெபத்தை நாடும்,
பழைய ஹாஸ்டல் தோழி