கம்போடியாவின் கொம்போங் ப்ளுக் பாட்டிக்கு நன்றி மடல்

பெருமதிப்பிற்குரிய பாட்டி அவர்களுக்கும், என்னைத் தூக்கி வந்த படகோட்டித் தம்பிக்கும், அன்றிரவு எனக்காக மொழிபெயர்த்த பக்கத்து வீட்டு ஆசிரியை அவர்களுக்கும், திருச்சியிலிருந்து என் பணிவான வணக்கம்.

கடந்த மார்ச் மாத இறுதியில், அங்கோர் வாட் கோயிலைக் கண்டபின் சியெம் ரீப்பிலிருந்து உங்கள் ஊருக்கு வந்த நான், கால்வாயில் படகு சென்றுகொண்டிருந்தபோதே வயிற்றுப்போக்கால் துவண்டு விழுந்தேன். அதற்குச் சற்று முன்புவரை உங்கள் வீடுகளையும் குழந்தைகளையும் கேளாமலே படம் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

கோடையில் ஏறத்தாழ 2,500 சதுர கிலோமீட்டராகச் சுருங்கும் தொன்லே சாப் ஏரி, மழைக்காலத்தில் மேக்கோங் ஆற்றின் வெள்ளம், ஏரியை அதனோடு இணைக்கும் ஆற்றில் எதிர்த்தோடி வந்து புகும்போது 15,000 சதுர கிலோமீட்டர் வரை விரியும் என்று பயணக் கையேட்டில் படித்திருந்தேன். அதற்காகவே நெடுமரக் கால்களின்மேல் கட்டிய உங்கள் வீட்டின் ஏணியில், நிற்கவே முடியாத என்னைத் தம்பி முதுகில் சுமந்து ஏறியபோதுதான் அந்த உயரம் எனக்கு விளங்கியது.

கோடையில் கலங்கிக் கிடக்கும் ஏரி நீரைக் குடிக்க இயலாது. சென்ற பருவத்து மழைநீரைச் சேர்த்து வைத்த தாழியில் நீங்கள் மொண்டபோது, அடியில் குவளை உரசிய ஓசை படுத்திருந்த எனக்குக் கேட்டது. அந்த நீரைக் காய்ச்சி, உப்பும் சர்க்கரையும் கலந்து, இரவு முழுவதும் கரண்டி கரண்டியாக எனக்குப் புகட்டினீர்கள். மழை வர இன்னும் ஒரு மாதத்திற்கு மேல் இருந்தது.

விடியற்காலையில் நீங்கள் தந்த கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டேன். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. உங்கள் நாட்டைப் பட்டினியில் வாட்டிய பொல் பொட்டின் கொடுங்கோல் ஆட்சியில் பொதுச் சமையற்கூடத்தில், சோற்றுப் பருக்கைகளை எண்ணிவிடக்கூடிய நீர்க்கஞ்சியைக் குடித்து நீங்கள் உயிர் பிழைத்ததை ஆசிரியைதான் பிறகு சொன்னார். அக்காலத்தை நீங்கள் ஆண்டுக்கணக்கில் சொல்வதில்லையாம். மூன்று ஆண்டு, எட்டு மாதம், இருபது நாள் என்றே சொல்வீர்களாம். எங்கள் வீட்டில் கஞ்சி என்றால் காய்ச்சல்காரருக்கு உரியது. முகம் சுளித்தே குடித்துப் பழகியவன் நான். மீதிக் கஞ்சியை அதன்பின் குடித்து முடித்தேன்.

புறப்படும்போது நான் நீட்டிய டாலர் நோட்டுகளை என் சட்டைப் பையிலேயே திரும்பச் செருகிவிட்டு, என் பையிலிருந்த இரண்டு காலி பிளாஸ்டிக் பாட்டில்களை மட்டும் தண்ணீர் பிடிக்க ஆகும் என்று கேட்டு வாங்கிக்கொண்டீர்கள். நன்றி சொல்லக் கைகூப்பி "ஒக்குன்" என்றேன். அந்த ஒரு சொல்லைத் தவிர உங்கள் மொழியில் எனக்கு வேறொன்றும் தெரியாது என்பது அன்றைக்குப் பெருங்குறையாக இருந்தது.

புதிய தாழி ஒன்று வாங்க ஆசிரியை வழியாகப் பணம் அனுப்பியிருக்கிறேன். முதல் மழைக்கு முன் அது வீடு வந்து சேர வேண்டும் என்பதே என் கவலை. எடுத்த படங்களை அழித்துவிட்டேன். ஊர் சேர்ந்துவிட்டேனா, சோறு சாப்பிட்டேனா என்று நீங்கள் விசாரித்ததாக ஆசிரியை எழுதியிருந்தார்.

சாப்பிட்டேன், பாட்டி.