மாவட்டத்துக்கு ஒரு பங்க் போதும்: எரிபொருள் கொள்கை வகுப்போருக்கு ஒரு திறந்த மடல்

பெட்ரோலில் எத்தனால் எவ்வளவு கலக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் மத்திய அரசு அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோலின் வரலாற்றை உங்களுக்கே எடுத்துச் சொல்ல இதை எழுதவில்லை. 2030-க்கு வைத்திருந்த 20 சதவீத இலக்கை முன்னுக்கு இழுத்தவர்களும் நீங்கள்தான், 2025-இல் அதை எட்டிவிட்டோம் என்று அறிவித்தவர்களும் நீங்கள்தான். என் கோரிக்கை ஒன்றே ஒன்று. மாவட்டத்துக்கு ஒரு பங்க்கில், ஒரே ஒரு குழாயில், எத்தனால் கலக்காத பெட்ரோல் விற்க வழி செய்யுங்கள். அறவே கலக்காதது இயலாதென்றால் 5 சதவீதத்தைத் தாண்டாத பெட்ரோலாவது கொடுங்கள். கூடுதல் விலை வைத்தாலும் வாங்கிக்கொள்கிறோம்.

இதையே சில மாதங்களுக்கு முன் இணையவழி மனுவாக அனுப்பிப் பார்த்தேன். இ20 எல்லா வண்டிகளுக்கும் ஏற்றது, இது கொள்கை முடிவு, மனு முடித்துவைக்கப்படுகிறது என்று பதில் வந்தது. எந்த வண்டி என்றுகூட யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். இப்போது ஊரறியச் சொல்கிறேன்.

என்னிடம் இருப்பது 1966-ஆம் ஆண்டின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுதான், ஆனால் நான் குடியிருக்கும் தாம்பரத்துக்குப் பக்கத்திலேயே, வண்டலூரில் செய்யப்பட்டது. 948 சிசி எஞ்ஜின், இரண்டு கதவு. இத்தாலியர் ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்த உடல், தனிச் சட்டத்தின் மேல் பகுதி பகுதியாக போல்ட் போட்டு இணைக்கப்பட்டிருக்கும். அதனால்தான் அம்பத்தூரில் ஒரு சிறு தொழிற்கூடத்தில் லேத் ஓட்டி ஓய்வுபெற்ற என்னைப் போன்ற ஒருவன், ஷெட்டுக்கு அனுப்பாமல் வீட்டு போர்ட்டிகோவிலேயே அதைப் பிரித்து, துருவைச் சுரண்டி, மறுபடியும் கோக்க முடிந்தது. பானெட் திறந்தால் இரண்டு மட்கார்டுகளும் சேர்ந்தே முன்பக்கம் சாய்ந்துவிடும். முன் சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். புதுப்பேட்டையில் தேடி எடுத்தவை பாதி, நானே கடைந்தெடுத்தவை மீதி என்று அந்த வண்டி மூச்சுவிடத் தொடங்கியது.

இனி மனுவில் எழுத இடமில்லாத விஷயத்துக்கு வருகிறேன்.

பழைய எஞ்ஜின் எண்ணெய் குடிக்கும். அது அதன் சுபாவம். வாராவாரம் எண்ணெய் மட்டம் காட்டும் ஸ்டிக்கை இழுத்துப் பார்த்துக் கொஞ்சம் ஊற்றுவது எங்களுக்குப் பழக்கம். இந்தக் கோடையில் ஒரு ஞாயிறன்று ஸ்டிக்கை இழுத்தால் எண்ணெய் மேல்கோட்டையும் தாண்டி நிற்கிறது. மோந்து பார்த்தேன், பெட்ரோல் வாடை. ஹெரால்டின் ஏசி பம்ப்பைக் கழற்றினேன். தெரியாதவர்களுக்குச் சொன்னால், மெக்கானிக்குகள் ஏசி பம்ப் என்பது குளிர்சாதனத்தை அல்ல, டாங்கியிலிருந்து கார்பரேட்டருக்குப் பெட்ரோலை உறிஞ்சித் தரும் பம்ப்பை. எஞ்ஜினின் கேம் ஒரு நெம்புகோலை ஆட்ட, அது ரப்பர் பூசிய துணியாலான டயாஃபிரத்தை மேலும் கீழும் இழுக்கும். அந்த ரப்பர் உப்பி, நொய்ந்து, ஓரத்தில் கிழிந்திருந்தது. கிழிசல் வழியே பெட்ரோல் எஞ்ஜினுக்குள் இறங்கி எண்ணெயோடு கலந்துவிட்டது. அந்த நீர்த்த எண்ணெயில் ஓட்டினால் பேரிங் போகும். பெட்ரோல் ஆவி அடைந்த எஞ்ஜினில் ஒரு பொறி பட்டால் என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

முன்பு அதே பம்ப்பில் இருந்த டயாஃபிரம் பல ஆண்டுகள் தாங்கியது. இது ஓராண்டுகூடத் தாங்கவில்லை. எத்தனால்தான் காரணம் என்பதற்கு ஆய்வகச் சான்று கேட்பீர்கள். சான்று இல்லை, கிழிந்த ரப்பர் இருக்கிறது. பம்ப்பின் கண்ணாடிக் கிண்ணத்தின் அடியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரும் துருப்பொடியும் தேங்கியிருந்தன. அதற்கும் விளக்கம் உங்களுக்குத் தெரியும். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். இன்றைய கார்களின் டாங்கி அடைத்துமூடியது. ஹெரால்டின் டாங்கி மூடி வழியாகவே மூச்சுவிடும். சென்னைக் காற்றில், வாரம் ஒருமுறை மட்டும் ஓடும் வண்டியில், அந்த டாங்கிக்குள் என்ன நடக்கும் என்று உங்கள் வல்லுநர்களைக் கேட்டால் சொல்வார்கள். போதுமான ஈரம் சேர்ந்ததும் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தனியே பிரிந்து நிற்கும். எஞ்ஜின் முதலில் உறிஞ்சுவது அதைத்தான்.

2025 ஆகஸ்டில் அரசுத் தரப்பில் ஒரு விளக்கம் வந்தது. 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற நேரலாம், செலவு அதிகமில்லை, வழக்கமான சர்வீஸின்போதே மாற்றிக்கொள்ளலாம் என்றது அது. படித்தபோது சிரிப்பு வந்தது என்று சொன்னால் மரியாதைக் குறைவாகாது என்று நம்புகிறேன். வழக்கமான சர்வீஸுக்கு ஹெரால்டை எங்கே விடட்டும் ஐயா? வண்டலூர் ஆலையில் கார் செய்வதை நிறுத்தியதே 1988-இல். என் வண்டி 20,000 கிலோமீட்டர் ஓட வேண்டுமானால் என் பேரன் ஓய்வுபெற வேண்டும். கிலோமீட்டர் ஓடி ரப்பர் தேயவில்லை. நின்ற இடத்தில் ஊறிப் போகிறது.

மாற்றக்கூடியதை மாற்றிக்கொண்டுதான் இருக்கிறோம். ஹோஸ் மாற்றியாகிவிட்டது. எத்தனால் தாங்கும் ரப்பரில் டயாஃபிரம் இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம், சுங்க வரியும் கட்டலாம். கார்பரேட்டரை என்ன செய்வது? அதன் உடல் துத்தநாகக் கலவை. உள்ளே சாம்பல் பூத்ததுபோல் வெள்ளைப் பொடி படிகிறது. போதாததற்கு எத்தனால் தன்னுள்ளேயே ஆக்ஸிஜனை வைத்திருப்பதால், காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவை நீர்த்துப்போய் எஞ்ஜின் சூடாகிறது. இன்றைய காரில் அதை உணர்ந்து பெட்ரோலைக் கூட்டிவிட சென்சார் இருக்கிறது. சோலெக்ஸ் கார்பரேட்டருக்கு மூளை கிடையாது, துளை மட்டும்தான் உண்டு. பெட்ரோல் வரும் அந்தத் துளையை ஜெட் என்பார்கள், ஒரு அளவு பெரியதைத் தேடிப் போட்டிருக்கிறேன். அந்தக் கார்பரேட்டர் உட்கார்ந்திருப்பது சுடும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு, அதாவது எஞ்ஜினின் புகை வெளியேறும் குழாய்க்கு, மேலே என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். அங்கே ஒரு வாஷர் கசிந்தால் அது செலவுக் கணக்கில் வரும் விஷயமல்ல.

நாங்கள் மாற்றத்தை எதிர்க்கும் கூட்டம் என்று நினைத்துவிட வேண்டாம். 2000 பிப்ரவரியில் நாடு முழுவதும் பெட்ரோலிலிருந்து ஈயத்தை நீக்கினார்கள். குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் விஷம் அது, போனதே நல்லது. ஈயம் போனால் பழைய எஞ்ஜின்களில் எக்ஸாஸ்ட் வால்வ் சீட், அதாவது புகை வால்வ் அமரும் இடம், தேயும் என்று தெரிந்தது. முணுமுணுக்காமல் ஹெட்டைக் கழற்றிக் கடினமான சீட் போட்டுக்கொண்டோம். ஒருமுறை செலவு, வேலை முடிந்தது.

அந்தக் கதையில் உங்களுக்கு நினைவூட்ட வேண்டிய பகுதி வேறு. ஈயமில்லாப் பெட்ரோல் 1995-இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் அறிமுகமானபோது, ஈயம் கலந்ததும் பங்க்குகளில் தொடர்ந்து விற்றது. ஐந்தாண்டு காலம் இரண்டு வகைப் பெட்ரோலும் இதே நாட்டில் பக்கத்துப் பக்கத்துக் குழாய்களில் கிடைத்தன. கணினி இல்லாத பங்க்குகளில், லாரி டிரைவர் முதல் குழாய் பிடிக்கும் பையன் வரை அதைச் சமாளித்தார்கள். இரண்டு வகை விற்பது நடைமுறையில் சாத்தியமில்லை என்று இன்று சொல்லப்படும்போது, அன்று நடந்தது கனவா என்று கேட்கத் தோன்றுகிறது.

ஹெரால்டின் பிறந்தகமான இங்கிலாந்தில் 2021 செப்டம்பரில் சாதாரணப் பெட்ரோலில் எத்தனாலை 10 சதவீதமாக்கினார்கள். ஆனால் பழைய வண்டிகளுக்காக, 5 சதவீதத்தைத் தாண்டாத பெட்ரோலை உயர்ரகக் குழாயில் விட்டுவைத்தார்கள். பிரேசிலைப் பாருங்கள் என்று நீங்கள் சொல்வீர்கள். பார்த்தோம். அங்கே எத்தனாலுக்கென்றே கார் செய்யத் தொடங்கிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. இங்கே இ20-க்கு ஏற்ற பாகங்களோடு வண்டிகள் வரத் தொடங்கியது 2023 ஏப்ரலில். அதற்கு முந்தைய வண்டிகள்தான் நம் சாலைகளில் பெரும்பான்மை. யமஹா ஆர்எக்ஸ்100, பத்மினி, அம்பாசடர், யெஸ்டி எல்லாம் அதில் அடக்கம். நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட எத்தனால் அறிக்கையே, பழைய வண்டிகளுக்குப் பாதுகாப்பு எரிபொருளாக 10 சதவீதக் கலப்பைத் தொடர்ந்து விற்கச் சொன்னது. எரிதிறன் குறைவதை ஈடுகட்ட வரிச்சலுகை தரலாம் என்றும் சொன்னது. சலுகையை நான் கேட்கவே இல்லை. குழாயைத்தான் கேட்கிறேன்.

இடையில் வேறொரு அமைச்சகத்தின் பக்கம் திரும்ப வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். 20 ஆண்டுகளைக் கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 2025 ஆகஸ்ட் முதல் 10,000 ரூபாய். 2022-க்கு முன் 600 ரூபாயாக இருந்தது, 5,000 ஆகி, இங்கே வந்து நிற்கிறது. பழைய வண்டிகள் சாலையை விட்டுப் போக வேண்டும் என்ற எண்ணம் எங்களுக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அதே அரசுதான் 2021 ஜூலையில், 50 ஆண்டுகளைக் கடந்த, மாற்றம் செய்யாத வண்டிகளுக்கு விண்டேஜ் என்று தனிப் பதிவும் விதியும் கொண்டுவந்தது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், செல்லுபடி பத்தாண்டு. அந்த வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கும் பேரணிக்கும் கொண்டுபோகலாம். பராமரிப்புக்குக் கொண்டுபோகலாம். எரிபொருள் நிரப்பவும் கொண்டுபோகலாம் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. எந்த எரிபொருளை என்று மட்டும் எழுதவில்லை. பாரம்பரியம் என்று பட்டம் கட்டி, பங்க்குக்குப் போக அனுமதியும் கொடுத்து, பங்க்கில் அதன் குடலை அரிப்பதை ஊற்றி அனுப்பும் பரந்த மனம் வேறு எந்த அரசுக்கு வரும்?

மன்னிக்கவும். கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

குழாய் இல்லாத இடத்தில் ஜனங்கள் என்ன செய்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். கண்ணாடி அளவைக் குடுவையில் 90 மில்லி பெட்ரோலும் 10 மில்லி தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி வைத்தால், எத்தனால் தண்ணீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். 10 மில்லியாக இருந்த அடி அடுக்கு கிட்டத்தட்ட 30 மில்லியைத் தொடும். இந்தச் சோதனையைப் பெரிய கேனில் செய்து, மேலே நிற்கும் பெட்ரோலை இறைத்து வண்டியில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். மொட்டை மாடியில், வெயிலில், திறந்த கேனில், பத்து இருபது லிட்டர் பெட்ரோல். எத்தனால் போனதும், தட்டாமல் காக்கும் ஆக்டேன் அளவும் குறைந்து எஞ்ஜின் தட்டும். அடியில் மிஞ்சும் கலவையைச் சாக்கடையில்தான் கொட்டுகிறார்கள். நான் அதைச் செய்யவில்லை, செய்யாதீர்கள் என்று நண்பர்களிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். ஒரு வீடு எரிந்த பிறகு விசாரணைக் குழு அமைப்பதைவிட ஒரு குழாய் அமைப்பது மலிவு.

எத்தனாலுக்குக் கரும்பு தரும் விவசாயிக்கு நிலுவை இல்லாமல் பணம் போவதை நான் எதிர்க்கவில்லை. கச்சா எண்ணெய் இறக்குமதி குறைவதும் நல்லதே. நாட்டையே பழைய பெட்ரோலுக்குத் திருப்புங்கள் என்று சொல்லவும் இல்லை. என் ஹெரால்டைப் போல் ஆசைக்கு வைத்து எப்போதாவது ஓட்டும் பழைய வண்டிகள் எல்லாம் சேர்ந்து குடிக்கும் பெட்ரோலால் உங்கள் 20 சதவீதக் கணக்கு பெரிதாக அசையாது. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் இது குறித்த பொதுநல மனுவைத் தள்ளுபடி செய்துவிட்ட நிலையில், கேட்பதற்கு உங்கள் மேசையைத் தவிர வேறு இடமில்லை.

ஆகவே பணிவோடு மீண்டும் கேட்கிறேன். மாவட்டத்துக்கு ஒரு பங்க். எல்லா மாவட்டங்களிலும் ஒரே நாளில் வேண்டாம், சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் தொடங்கினால் போதும். குழாயின் மேல் எத்தனால் எத்தனை சதவீதம் என்று தெளிவாக எழுதி ஒட்டச் சொல்லுங்கள். பதிவுச் சான்றிதழைக் காட்டினால்தான் ஊற்றுவோம் என்றால் காட்டுகிறோம். மாதத்துக்கு இத்தனை லிட்டர் என்று வரம்பு வைத்தாலும் சரி. தேவை எவ்வளவு என்று தெரியவேண்டுமானால் பழைய வாகனச் சங்கங்களிடம் கேளுங்கள், வண்டி வாரியாகக் கணக்கு தருவார்கள். முன்பணம் கட்டச் சொன்னாலும் கட்டுவோம்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஐப்பசி ஈரம் டாங்கிக்குள் இறங்குவதற்குள், ஒரு முடிவு எடுத்துச் சொன்னால் நன்றியுள்ளவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
ஹெரால்டு வைத்திருக்கும் ஓய்வுபெற்ற லேத் தொழிலாளி,
தாம்பரம்