‘டெட்’ ஆன நாட்களுக்கும் வாடகையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தரைவழித் தொலைபேசியை இன்னமும் விடாமல் வைத்திருக்கும் வீடுகளில் எங்கள் வீடும் ஒன்று. அதற்கு நாங்கள் மாதந்தோறும் கட்டும் பணத்தைப் பற்றியும், முக்கியமாக, அது வேலை செய்யாத நாட்களுக்கும் சேர்த்துக் கட்ட நேரும் பணத்தைப் பற்றியும் எழுத விரும்புகிறேன்.

எங்கள் வரவு செலவு நோட்டில் கடந்த ஓராண்டுக் கணக்கைக் கூட்டிப் பார்த்தேன். மாத வாடகை 249 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 44 ரூபாய் 82 காசு. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,526 ரூபாய் ஆகிறது. அதில் வரி மட்டும் 538 ரூபாய். வீட்டிலுள்ள கைபேசிகளுக்குச் செய்யும் ரீசார்ஜோடு ஒப்பிட்டால் இது பெரிய தொகை இல்லை என்பார்கள். ஆனால் ஓய்வூதியத்தில் நடக்கும் குடும்பத்தில், பேசினாலும் பேசாவிட்டாலும் போய்க்கொண்டே இருக்கும் செலவு என்பதால் நோட்டைப் புரட்டும்போதெல்லாம் கண்ணில் படுகிறது.

தொண்ணூறுகளில் தொலைபேசிச் செலவு என்பதே வேறு கணக்கு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் பில்லில் தொடக்க மீட்டர் எண், முடிவு மீட்டர் எண், கழித்தது போக மிச்ச அழைப்புகள் என்று வரிசையாக அச்சாகியிருக்கும். வாடகை ஒரு மூலையில் கிடக்க, தொகையை ஏற்றிவிடுவது வெளியூருக்குப் பேசும் எஸ்.டி.டி. அழைப்புகளாகத்தான் இருக்கும். டெல்லியில் படித்துக்கொண்டிருந்த என் தம்பியோடு பேசுவதற்காக, கட்டணம் கால் பங்காகக் குறையும் இரவு 11 மணி வரை கொட்டாவி விட்டபடி காத்திருந்திருக்கிறோம். 2006 மார்ச்சில் நாட்டின் எந்த மூலைக்கும் நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்ற திட்டம் வந்ததோடு அந்தக் கவலை போயிற்று. இப்போது பல திட்டங்களில் அழைப்புக்கென்று தனிக் கட்டணமே கிடையாது. ஆக, அன்று பேச்சுக்குப் பணம் கொடுத்தோம். இன்று, எடுத்தால் டயல் டோன் வரும் என்ற உறுதிக்குப் பணம் கொடுக்கிறோம். அந்த டயல் டோன் வராத நாட்களுக்கு எதைக் கணக்கிட்டு வாடகை வாங்குகிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

கடந்த ஐப்பசி மழையில் எங்கள் தெருவில் வடிகால் வேலைக்காகத் தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நின்றது. மறுநாள் காலை தொலைபேசி செத்துப்போயிருந்தது. என் மாமியாருக்கு 84 வயது. தினமும் காலையில் காபி குடித்ததும் ரிசீவரை எடுத்துக் காதில் வைத்து, ‘இருக்கு’ என்று சொல்லிவிட்டு வைப்பது அவருடைய பழக்கம். அன்று அவர்தான் முதலில் சொன்னார். புகாரைப் பதிவு செய்து புகார் எண்ணையும் நோட்டில் குறித்துக்கொண்டோம். 23ஆம் நாள் லைன்மேன் வந்து, சேறாகிக் கிடந்த பள்ளத்திலிருந்து கேபிளை வெளியே இழுத்து, ‘ஜாயின்ட்ல தண்ணி எறங்கிடுச்சும்மா’ என்று காட்டினார். செம்புக் கம்பிகள் பச்சை பூத்திருந்தன. அரை மணி நேரத்தில் சரிசெய்துவிட்டார். அவர்மீது எனக்குக் குறையில்லை. இருக்கிற ஓரிருவர்தான் ஊர் முழுவதும் ஓட வேண்டியிருக்கிறது. ஆனால் அடுத்து வந்த பில்லில், ஏழு நாட்கள் மட்டுமே உயிரோடிருந்த அந்த மாதத்துக்கும் 249 ரூபாய் முழு வாடகையும், அதற்கு முழு வரியும் போட்டிருந்தார்கள்.

இதற்கு விதி இல்லாமல் இல்லை. பழுது மூன்று நாட்களைத் தாண்டினால் ஏழு நாள் வாடகையும், ஏழு நாட்களைத் தாண்டினால் பதினைந்து நாள் வாடகையும், பதினைந்து நாட்களைத் தாண்டினால் ஒரு மாத வாடகையும் சந்தாதாரருக்குக் கழித்துத் தரப்பட வேண்டும் என்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2009லேயே வகுத்திருக்கிறது. தொலைபேசி அலுவலகத்தில் இதைச் சொல்லிக் கேட்டபோது, விண்ணப்பம் எழுதி, பழைய பில்லின் நகலை இணைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன். பிறகு இரண்டு பில்கள் வந்துவிட்டன, கழிவு வரவில்லை. ஆட்டோவுக்கும் நகலுக்கும் ஆன செலவையும் நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். மூன்று முறை போய்வந்ததில் அது 249 ரூபாயைத் தாண்டிவிட்டது.

கெடு தேதிக்கு மறுநாள் பணம் கட்டினால், யாரும் விண்ணப்பம் எழுதாமலே அடுத்த பில்லில் தாமதக் கட்டணம் தானாக ஏறிவிடுகிறது. புகார் பதிவான நாளும், பழுது நீக்கிய நாளும் அவர்களுடைய கணினியிலேயே இருக்கின்றன. இரண்டையும் கழித்தால் நாள் கணக்கு வந்துவிடும். வாங்குவதற்குத் தெரிந்த கணக்கு கொடுப்பதற்குத் தெரியாமல் போவதை நான் ஒப்புக்கொள்ளத் தயாராக இல்லை.

‘இவ்வளவு தொல்லைக்கு அதைச் சரண்டர் செய்துவிடலாமே’ என்று என் மகனும் சொல்கிறான். ஆனால் செம்புக் கம்பித் தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம் தொலைபேசி எக்ஸ்சேஞ்சின் பேட்டரியிலிருந்தே கம்பி வழியாக வருகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பகுதியைப் புரட்டிப்போட்டு, கைபேசிக்குச் சார்ஜ் ஏற்ற ஜெனரேட்டர் வைத்த கடை வாசலில் வரிசையில் நின்ற நாட்களில், எங்கள் வீட்டுத் தொலைபேசி முதல் இரண்டு நாட்கள் ஒலித்துக்கொண்டிருந்தது. அதை நம்பித்தான் வரியும் சேர்த்து மாதம் 294 ரூபாய் கட்டுகிறோம். ஃபைபர் இணைப்புக்கு மாறச் சொல்கிறார்கள்; அதில் வீட்டில் கரண்ட் போனால், தனியாக யு.பி.எஸ். வாங்கி வைக்காதவரை தொலைபேசியும் போய்விடும். அந்தச் செலவும் நம்முடையதே.

நான் கேட்பது வாடகைக் குறைப்பு அல்ல. பில்லில் தாமதக் கட்டணத்துக்கு ஒரு கட்டம் இருப்பதுபோல, பழுது நாட்களுக்கான கழிவுக்கும் ஒரு கட்டம் அச்சிட்டு, யாரும் கேட்காமலே அதை அந்தந்த மாதத்தில் நிரப்ப வேண்டும். கழிவு எதுவும் இல்லாத மாதங்களில் அதில் சுழியம் இருக்கட்டும். விண்ணப்பம் எழுதத் தெரியாத, அலுவலகத்துக்கு அலைய முடியாத முதியவர்களே இந்த இணைப்பைப் பெரிதும் வைத்திருக்கிறார்கள் என்பதை மனத்தில் கொண்டு, ஆணையம் இதை எல்லா நிறுவனங்களுக்கும் கட்டாயமாக்க வேண்டுமெனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
மன்னார்குடி