வன்னிப் பெற்றோருக்கு அக்கறையில்லையாம்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேறு பற்றிக் கடந்த ஞாயிறு வந்த கட்டுரையை வாசித்தேன். ஒன்பது மாகாணங்களில் வட மாகாணம் ஒன்பதாவது இடம் என்று எழுதியவர் கவலைப்பட்டது சரி. ஆனால், போர் முடிந்து பதினைந்து வருடத்துக்கு மேலாகிவிட்டது, இனியும் அதைச் சாட்டாகச் சொல்லக் கூடாது, வன்னிப் பெற்றோருக்குப் பிள்ளைகளின் படிப்பில் அக்கறையில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டாரே, அதைத்தான் விழுங்க முடியவில்லை.

அந்தப் பெற்றோர் யார் என்று ஒருக்கால் யோசித்தாரா? இன்றைக்குச் சாதாரண தரம் எழுதுகிற பிள்ளையின் தாய், 2008இல் தானே அந்த வகுப்பில் இருந்தவள். வீட்டுக்கு ஒருவர் என்று புலிகள் இயக்கம் ஆள் பிடித்த காலம் அது. கலியாணம் முடித்தால் விட்டுவிடுவார்கள் என்று பதினாறு வயதில் தாலி கட்டி வைத்தார்கள். நான் சமன்பாட்டைப் பலகையில் எழுதி முடிக்க முன்னமே விடை சொல்லுகிற ஒருத்தி என்னிடம் படித்தாள். திடீரென்று வரவில்லை. விசாரித்தால், இரவோடிரவாகக் கலியாணமாம். இப்போது அவளுடைய மகன் கணக்குக் கேட்டால் சொல்லிக் கொடுக்கத் தெரியாமல் என்னிடம் அனுப்புகிறாள். கட்டுரையாளரின் கணக்கில் இவளும் அக்கறையில்லாதவள்தான்.

உங்களுக்குத் தெரியாததில்லை, 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு நாவற்குழிப் பாலத்தால் இடம்பெயர்ந்து வந்த சனத்தில் உங்கள் வீட்டாரும் இருந்திருப்பார்கள். வன்னியில் இடப்பெயர்வு ஒரு நாளோடு முடியவில்லை. கிளிநொச்சி, தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று போகிற இடமெல்லாம் தறப்பாளைக் கட்டிப் பாடம் நடத்தினோம், பிள்ளைகளும் வந்தார்கள். பிறகு உடையார்கட்டிலும் புதுமாத்தளனிலும் பள்ளிக்கூடமே ஆஸ்பத்திரியானது. போர் முடிந்தபின் சனத்தை அடைத்து வைத்த மெனிக் பாம் முகாமின் முட்கம்பிக்குள் இருந்துகொண்டு 2009 ஆகஸ்டில் உயர்தரம் எழுதின பிள்ளைகளும் இருக்கிறார்கள். வடமராட்சி கிழக்கு நாகர்கோவில் பாடசாலையில் குண்டு விழுந்த செப்டெம்பர் 22ஐயும் வள்ளிபுனம் செஞ்சோலை வளாகத்தில் குண்டுவீச்சில் பிள்ளைகள் செத்த ஆகஸ்ட் 14ஐயும் உங்கள் பத்திரிகை வருடா வருடம் படத்தோடு போடும். மற்ற நாட்களில் எங்களுக்குப் புத்திமதி!

சரி, போரை விடுவோம். யாழ்ப்பாணத்திலிருந்து நியமனம் பெற்று வருகிற ஆசிரியர்கள் முதல் நாளே இடமாற்றத்துக்கு நாள் எண்ணத் தொடங்குவதையும், காலை பஸ்ஸில் வந்து மதிய பஸ்ஸில் திரும்புவதையும் பற்றி அந்தக் கட்டுரையில் ஒரு சொல் இல்லை. எங்கள் பக்கத்துப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிப்பது சமய ஆசிரியர். பாவம், அவரும் என்ன செய்வார், முதல் நாள் இரவு தானே படித்துவிட்டு வருகிறார்.

இன்னொன்று. பழைய மாணவர்கள் வேலைக்காகப் பாடசாலை விடுகைப் பத்திரம் கேட்டு இன்றைக்கும் என்னிடம் வருகிறார்கள். அதற்கு வேண்டிய பாடசாலைச் சேர்வு இடாப்பு முள்ளிவாய்க்காலோடு போய்விட்டது. நான் ஒரு அலுவலகத்தில் போய்ச் சொன்னபோது, அங்கே இருந்த தம்பி, இடாப்பைக் கவனமாக வைத்திருந்திருக்கலாமே சேர் என்றார். ஷெல்லடிக்குள் பேரப்பிள்ளையைத் தூக்கின கையால் இடாப்பையும் தூக்கியிருக்க வேண்டும், என்ன செய்ய, எனக்கு அந்த அக்கறை இல்லாமல் போய்விட்டது.

நீங்கள் மறுப்பு எதுவும் போட வேண்டாம், அந்தக் கட்டுரையாளரும் மன்னிப்புக் கேட்க வேண்டாம். புதன்கிழமைகளில் மாதிரி வினாத்தாள் இணைப்பு ஒன்று போடுகிறீர்களே, அது எங்கள் சந்திக்கடைக்கு வருகிற பத்திரிகைக் கட்டில் இருப்பதில்லை. முகவரைக் கேட்டால் யாழ்ப்பாணத்திலேயே முடிந்துவிடுகிறதாம். தாய்மார் விடியவே வந்து கேட்டுவிட்டு வெறுங்கையோடு போகிறார்கள். நாங்களும் முழு விலை கொடுத்துத்தான் பத்திரிகை வாங்குகிறோம். அடுத்த மாதத்திலிருந்தாவது இணைப்பை அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
ஒட்டுசுட்டான்.