மாமிக்கு, ஒரு வருஷம் கழித்து

மாமி,

நாளைக்கு உங்கள் ஓராண்டு நினைவு ஜெபம். தக்கலையிலிருந்து எல்லாரும் வருகிறார்கள். கூட்டத்தில் இதைச் சொல்ல எனக்கு நாக்கு எழும்பாது. அதனால் எழுதுகிறேன்.

அந்த மழைநாள்தான். பிள்ளையின் கணுக்காலிலிருந்து முட்டு வரை சிவந்து வீங்கி, தொட்டால் கொதித்தது. அதன்மேல் நீங்கள் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பற்றுப் போட்டிருந்தீர்கள். நான் அவனைத் துவைக்கிற கல்லில் உட்கார வைத்து, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். அலறினான். நீங்கள் அடுக்களை வாசலில் மஞ்சள் விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டு நின்றீர்கள். நான் சொன்ன வார்த்தையை இங்கே எழுதப் போவதில்லை. நம் ஆட்கள் வாசிப்பார்கள். நீங்கள் அம்மியைக் கழுவிச் சுவரோடு சாய்த்து வைத்ததை எழுதலாம். அப்புறம் அவனுக்கென்று அதில் எதையும் அரைக்கவில்லை.

ஆன்டிபயாடிக் இரண்டு தடவை மாற்றிக் கொடுத்தும் வடியவில்லை. காய்ச்சலே இல்லை என்பதைக் கவனித்தது நீங்கள்தான். "பழுத்த காலோட பிள்ளை இப்பிடி ஓடுமா?" என்றீர்கள். நான் பதில் சொல்லவில்லை. திருவனந்தபுரத்தில் தோலைத் துளி வெட்டிப் பார்த்துவிட்டு, வெல்ஸ் சிண்ட்ரோம் என்றார்கள். 1971-இல் முதன்முதலாக எழுதப்பட்ட அபூர்வ வியாதி. பிள்ளைகளுக்கு வருவது இன்னும் அபூர்வம். அலர்ஜியில் கூடுகிற ஈசினோபில் அணுக்கள் தோலுக்குள் திரண்டு வீங்க வைக்குமாம். பார்த்தால் கிருமி வீக்கம் மாதிரியே இருக்கும். ரத்தத்தில் ஈசினோபில் கூடியிருந்ததைக்கூட, கரப்பானும் இளைப்பும் உள்ள பிள்ளைதானே என்று தள்ளிவிட்டிருந்தோம். பூச்சிக்கடியும் கிளப்பிவிடலாம் என்றார் டாக்டர். பின்பக்கத்து ரப்பர் மரங்களில் மழைத்தண்ணீர் நிறைந்த சிரட்டைகளும் கொசுவும்தான் எனக்குக் கண்ணில் வந்தன. மஞ்சள் பற்றால் வருமா என்று கேட்டேன். வீங்கின பிறகு போட்டதால் எப்படிம்மா வீங்கும் என்று சிரித்தார்.

இதை ஊருக்கெல்லாம் சொன்னேன். உங்களிடம் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஆறு மாதம் இருந்தீர்கள்.

மன்னியுங்கள். ஆனால் மாமி, கரப்பானுக்குத் தந்த ஸ்டீராய்டு கிரீமை அலமாரிக்கு மேலே ஒளித்தது யார்? ராத்திரி முழுக்கச் சொறிந்து அவன் விரிப்பில் விட்ட ரத்தப் புள்ளிகளைத் துவைத்தவள் நான். புண்ணான தோலில் எதை அரைத்துப் போட்டாலும் எரியத்தான் செய்யும். அன்றைக்கு உங்கள் மகன் ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் இதை வாசிக்கட்டும்.

கடைசியில் அதே ஸ்டீராய்டுதான், மாத்திரையாக. சில நாளில் வடிந்தது. வேளை தவறாமல், சோறு ஊட்டிவிட்டு, அதைக் கொடுத்தது நீங்கள்.

போன ஐப்பசி மழையில் மறுபடி வந்தது, இடது காலில். திரும்பத் திரும்ப வரக்கூடியதுதான். "பாட்டி இருந்தா மஞ்ச போட்டிருப்பாங்க இல்லா?" என்றான். ஆமா மக்களே என்றேன்.

நாளைக்குத் தேங்காயை மிக்சியில்தான் அரைக்கச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்குப் பிடிக்காது. அம்மியை எடுக்க எனக்குக் கை வரவில்லை.