அது விழுந்த இடம் அப்படி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழில் வியாழன் கோளைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன், ரொம்பப் பிடித்திருந்தது. ஆனால் கலிலியோ விண்கலம் 1995-இல் உள்ளே அனுப்பிய சிறு ஆய்வுக்கலத்தை, வியாழனில் தண்ணீர் எதிர்பார்த்ததைவிட ரொம்பக் குறைவு என்று தப்பாகச் சொன்ன கருவி என ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போயிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த 339 கிலோ கலம் 1995 டிசம்பர் 7 அன்று நொடிக்கு 47 கிலோமீட்டர் வேகத்தில் வியாழனின் காற்றுக்குள் பாய்ந்தது. வெப்பக் கவசத்தில் பாதி எரிந்தே போனது, பாரசூட் வேறு கிட்டத்தட்ட ஒரு நிமிடம் தாமதமாக விரிந்தது, அப்படியும் பூமியில் இருப்பதைப் போல 22 மடங்கு காற்றழுத்தம், 150 டிகிரி சூடு என்கிற ஆழம் வரைக்கும் சுமார் 58 நிமிடங்கள் அளந்து அளந்து சொல்லிக்கொண்டே இறங்கியது. தாய்க்கலத்தின் பெரிய ஆன்டெனா விரியவில்லை, தகவலைப் பதிந்துவைக்கும் டேப் ரெக்கார்டரும் அக்டோபரில் சிக்கிக்கொண்டது. இந்த ஒரு மணி நேரத் தகவல் பத்திரமாக இருந்தால் போதும் என்று, அயோ நிலவை அன்று பக்கத்திலிருந்து எடுக்கவிருந்த படங்களையே விட்டுக்கொடுத்தார்கள்.

அது விழுந்தது மேகம் விலகிய, வறண்ட காற்று கீழிறங்கும் ஒரு திட்டு. பூமியிலிருந்து அகச்சிவப்பு தொலைநோக்கியில் பார்த்தவர்கள் இதை உறுதி செய்தார்கள். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம், சரிதான், ஆனால் பானை முழுக்க ஒரே பக்குவத்தில் வெந்திருக்க வேண்டுமே! கலம் அளந்தது சரி. அந்த ஒரு சோற்றை வைத்து மொத்த வியாழனுக்கும் கணக்குப் போடப் பார்த்ததுதான் பிரச்சினை. அதிலும், இறங்க இறங்க நீர் கூடிக்கொண்டேதான் போனது.

பிறகு வியாழனுக்குப் போன ஜூனோ விண்கலம் மேலே பறந்தபடி மைக்ரோவேவ் அலைகளை வைத்து அளந்தது, நடுக்கோட்டுப் பகுதியில் மூலக்கூறுகளில் 0.25 சதவீதம் நீர் என்று 2020-இல் சொன்னார்கள். அருமையான வேலை. ஆனால் நியான், ஆர்கான் வாயுக்களை மேலிருந்து அளக்க முடியாது, உள்ளே இறங்கித்தான் ஆக வேண்டும். சூரியனில் இருப்பதில் பத்தில் ஒரு பங்கு நியான்தான் அங்கே இருக்கிறது, ஆழத்தில் மழையாகச் சொட்டும் ஹீலியம் அதைக் கரைத்துக்கொண்டு போயிருக்க வேண்டும் என்கிற யோசனைக்கு ஆதாரம் கொடுத்ததே இந்தக் கலம்தான்.

யுரேனஸுக்கும் இப்படி ஒரு கலத்தை அனுப்ப வேண்டும் என்று அமெரிக்க அறிவியலாளர்கள் 2022-இல் பரிந்துரைத்திருக்கிறார்கள். அதைப் பற்றி எழுதும்போதாவது இந்த 58 நிமிடங்களுக்கு ஒரு முழுப் பக்கம் கொடுங்கள், ப்ளீஸ்.

உங்கள் நீண்ட நாள் வாசகர்