ஹெட்டைக் கழற்றும் முன் எந்தச் சிலிண்டர் என்று சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சங்ககிரியில் ஒற்றை லாரியை வைத்துப் பிழைக்கும் பெண் நான். கணவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அவர் விட்டுச் சென்றது 1999ஆம் ஆண்டு மாடல் ஆறு சக்கர லாரி ஒன்றும் அதன் பேரில் இருந்த கடனும். கடனை அடைத்துவிட்டேன். லாரி இன்னும் ஓடுகிறது. 12 ஆண்டு தாண்டிய ஆறு சக்கர வண்டிக்கு நேஷனல் பர்மிட் கிடையாது என்பதால் மாநிலத்துக்குள்தான் ஓட்டம். பெரும்பாலும் சிமெண்டு, சில மாதங்களில் நாமக்கல் கோழிப் பண்ணைகளுக்கு மக்காச்சோளம்.

பழைய லாரி என்றாலே புகை, விபத்து, காயலான் கடை என்றுதான் பேச்சு எழுகிறது. அந்த லாரியை நம்பி இருக்கும் குடும்பங்களின் பணம் எங்கே கரைகிறது என்று யாரும் கேட்பதில்லை. என் பணம் எப்படிக் கரைய இருந்தது என்பதை எழுதுகிறேன். என்னைப் போன்ற நாலு பேருக்காவது பயன்படும்.

கடந்த ஐப்பசியில் 200 மூட்டை சிமெண்டு, அதாவது 10 டன், ஏற்றிக்கொண்டு வண்டி தருமபுரிக்குப் போனது. தொப்பூர் மேட்டில் இருந்து ஓட்டுநர் தம்பி கைபேசியில் அழைத்தார். "அக்கா, வழக்கமாக மூன்றாவது கியரில் ஏறும் இடத்தில் இரண்டாவதில் ஏறுகிறேன். இழுவை இல்லை. எஞ்சின் மிஸ்ஸிங் ஆகிறது. பின்னால் வெள்ளைப் புகை வருகிறது" என்றார். சுமையை இறக்கிவிட்டு மெதுவாகத் திரும்பி வரச் சொன்னேன்.

வண்டி வாசலில் வந்து நின்றதும் எனக்கே காதில் கேட்டது. நான் பள்ளிபாளையத்தில் தறிச் சத்தத்துக்குள் பிறந்து வளர்ந்தவள். பத்துத் தறி ஓடும் கொட்டகையில் ஒரு தறி மட்டும் தடம் மாறினால் தூக்கத்திலும் தெரிந்துவிடும். எங்கள் எஞ்சினில் ஆறு சிலிண்டர்கள். அவற்றில் ஒன்று அடிக்கவில்லை. ஒரே கணக்கில், சுற்றுக்குச் சுற்று அதே இடத்தில் அடி விடுபட்டது.

மறுநாள் ஒரு பட்டறைக்கு ஓட்டிச் சென்றோம். அங்கிருந்த மேஸ்திரி ஒரு நிமிடம்கூடக் காது கொடுக்கவில்லை. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்த்தார், கையை உதறினார், "எஞ்சின் வேலை பார்க்க வேண்டும்" என்றார். ஆறு பிஸ்டன், அவை ஏறி இறங்கும் ஆறு லைனர், சிலிண்டர்களுக்கு மேல் மூடியாக இருக்கும் ஹெட்டில் வேலை, கூலி எல்லாம் சேர்த்து 85,000 ரூபாய் என்று சீட்டு எழுதிக் கையில் கொடுத்தார். எந்தச் சிலிண்டரில் கோளாறு என்று கேட்டேன். "திறந்தால்தான் தெரியும்" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பழைய எஞ்சினில் எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்பதை அறிய எதையும் திறக்க வேண்டியதில்லை. ஒரு ஸ்பேனர் போதும்.

அன்று மாலை ஈரோடு சாலையில் சின்னதாகக் கடை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். என் கணவர் கிளீனராக இருந்த காலத்திலிருந்து பழக்கம். 70 வயதைத் தாண்டியவர். முதலில் அவர் ஸ்பேனரைக் கூடத் தொடவில்லை. எஞ்சினை ஓடவிட்டுப் பக்கத்தில் நின்று கேட்டார். "விட்டுவிட்டு, கணக்கில்லாமல் தவறினால் டீசலில் காற்றோ தண்ணீரோ இருக்கும், ஃபில்டரைப் பார்க்கலாம். இது ஒரே கணக்கில் தவறுகிறது. ஒரு சிலிண்டர்தான், அம்மிணி" என்றார். பிறகு ஆயில் கம்பியை உருவிப் பார்த்தார். ஆயில் அளவு குறியைத் தாண்டி மேலே ஏறியிருந்தது, முகர்ந்தால் டீசல் வாடை. எரியாத டீசல் லைனர் சுவரை நனைத்துக் கீழே இறங்கி ஆயிலோடு கலக்கிறது என்று விளக்கினார். வெள்ளைப் புகையும் அந்த எரியாத டீசல்தானாம். ஆயில் எரிந்தால் புகை நீலமாக வரும், டீசல் அதிகமாகிக் காற்று போதாவிட்டால் கறுப்பாக வரும்.

அப்புறம் 17ஆம் நம்பர் ஸ்பேனரை எடுத்தார். டீசல் பம்பிலிருந்து, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் ஒவ்வொரு நாசிலுக்கும் ஓர் இரும்புக் குழாய் போகிறது. குழாய் நாசிலோடு சேரும் இடத்தில் ஒரு நட்டு இருக்கும். எஞ்சின் ஸ்லோவில் ஓடிக்கொண்டிருக்க, ரேடியேட்டர் பக்கத்து முதல் நட்டைக் கால் திருப்பு தளர்த்தினார். நட்டின் வழியாக டீசல் கசிந்தது, அந்தச் சிலிண்டருக்கு டீசல் போகவில்லை. உடனே எஞ்சின் தள்ளாடியது, சத்தம் தணிந்தது. இறுக்கினார், பழையபடி ஓடியது. நல்ல சிலிண்டர் என்று அர்த்தம். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது நட்டுகளிலும் அப்படியே. ஐந்தாவது நட்டைத் தளர்த்தினார். எஞ்சினில் எந்த மாற்றமும் இல்லை. ஏற்கெனவே வேலை செய்யாத சிலிண்டருக்கு டீசலை நிறுத்தினால் எஞ்சின் எப்படித் தள்ளாடும்? ஆறாவதையும் விடாமல் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். நட்டு தளரும் அந்த நொடியில்தான் கவனிக்க வேண்டும், தாமதித்தால் பம்பில் உள்ள கவர்னர் மற்றச் சிலிண்டர்களுக்கு டீசலைக் கூட்டி வேகத்தைச் சமன் செய்துவிடும் என்று தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தார்.

எனக்கு நம்பிக்கை வர வேண்டும் என்று இன்னொன்றும் காட்டினார். எஞ்சினை ஆறவிட்டு, மறுபடி ஓட்டி, சைலன்சர் குழாய் தொடங்கும் இடத்தில் ஆறு கிளைகளின் மேலும் துளித்துளியாகத் தண்ணீர் விட்டார். ஐந்து கிளைகளில் தண்ணீர் சுண்டிப் போனது. ஐந்தாவது கிளையில் துளி அப்படியே நின்றது. அங்கே எதுவும் எரியவில்லை.

கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது. எதனால் என்று தெரிய வேண்டாமா? ஐந்தாவது நாசிலையும் நான்காவது நாசிலையும் கழற்றி இடம் மாற்றிப் போட்டார். அடியில் பழைய செம்பு வாஷர் ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று விளக்கடித்துப் பார்த்து, சுரண்டி எடுத்து, புது வாஷர் போட்டார். பழையதன் மேலேயே புதியதைப் போட்டால் நாசில் நுனி மேலே ஏறிவிடும், டீசல் பிஸ்டன் குழியில் விழ வேண்டிய இடத்தில் விழாது. டீசல் குழாயில் புகுந்த காற்றை எடுத்துவிட்டு எஞ்சினை ஓட்டி, மறுபடி நட்டுகளைத் தளர்த்திப் பார்த்தார். இப்போது ஐந்தாவது நன்றாக அடித்தது, நான்காவது அடிக்கவில்லை. நாசிலோடு கோளாறும் சேர்ந்து இடம் மாறிவிட்டது. பிஸ்டன் மீதும் லைனர் மீதும் ஹெட் மீதும் பழி இல்லை என்று அங்கேயே தெரிந்தது. நான் லாரியின் பலகைக் கட்டையில் உட்கார்ந்து அழுதேன். 85,000 ரூபாய்க்கு நகையை வைக்க அன்று காலைதான் முடிவு செய்திருந்தேன்.

கோளாறு இடம் மாறாமல் ஐந்தாவதிலேயே நின்றிருந்தால்? அதையும் கேட்டேன். குழாயில் டீசல் துடித்து வருகிறதா, பம்பில் ஏதும் சிக்கியிருக்கிறதா, வால்வைத் திறக்கும் டேப்பட்டில் இடைவெளி குறைந்து வால்வு மூடாமல் நிற்கிறதா என்று வரிசையாகப் பார்த்து, கடைசியில் சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு அழுந்துகிறது என்ற கம்ப்ரஷனை அளந்து, அதன் பிறகே ஹெட்டைத் தொட வேண்டும் என்றார். அப்படிப் பார்த்து ஒருவர் ஹெட்டைக் கழற்றச் சொன்னால் நான் ஒரு வார்த்தை மறுத்துப் பேச மாட்டேன். எஞ்சினும் தேயும், அதற்கும் செலவு செய்துதான் ஆக வேண்டும்.

ஆறு நாசில்களையும் துணியில் சுற்றிப் பம்பு கடைக்கு எடுத்துச் சென்றோம். அங்கே கைப்பிடி வைத்த டெஸ்டரில் மாட்டி அழுத்திக் காட்டினார்கள். எங்கள் எஞ்சினுக்கு 200 பார் அழுத்தத்தை ஒட்டி நாசில் திறக்க வேண்டுமாம். நல்ல நாசிலில் டீசல் பனிமூட்டம் போலப் பரவியது. கெட்டுப்போனதில் மாட்டு மடியில் பால் பீய்ச்சுவது போல நூலாக விழுந்தது, கைப்பிடியை விட்ட பிறகும் சொட்டியது. ஊசியை உருவிப் பார்த்தால் அதில் துருக்கறை. டீசலோடு வந்த தண்ணீர் அந்த ஊசியை உட்கார விடாமல் செய்திருக்கிறது. மழைக்காலத்தில் டேங்க்கைப் பாதி காலியாக விட்டு இரவில் நிறுத்தினால் உள்ளே ஈரம் கட்டும் என்பதும், ஃபில்டர் அடியில் தேங்கும் தண்ணீரை வாரந்தோறும் திறந்துவிட வேண்டும் என்பதும் எங்களுக்குத் தெரிந்ததுதான். அந்த மாதம் செய்யவில்லை. அது எங்கள் தவறு.

புது நாசில் ஒன்று, வாஷர்கள், மற்ற நாசில்களில் இரண்டுக்கு ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து அழுத்தம் சரிசெய்தது, கூலி எல்லாம் சேர்த்து 2,900 ரூபாய். ஆயில் மாற்றியது தனிச் செலவு. டீசல் கலந்த ஆயிலோடு ஓட்டியிருந்தால் பேரிங் போயிருக்கும். எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. என்ற தகுதிச் சான்று எடுக்க வேண்டும். பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகை விதிக்கு முந்தைய டீசல் வண்டியின் புகை, அதன் அடர்த்தியை அளக்கும் எச்.எஸ்.யு. கணக்கில் 65ஐத் தாண்டக் கூடாது. அடுத்த மாதமே எங்கள் வண்டி புகைச் சோதனையில் தேறியது.

இதைப் படித்துவிட்டு யாரும் அவசரப்பட்டு ஸ்பேனரை எடுத்துவிடக் கூடாது என்பதால் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். இந்தச் சோதனை பழைய மெக்கானிக்கல் பம்பு எஞ்சினுக்கு மட்டும். இப்போது வரும், எல்லா நாசில்களுக்கும் பொதுவான ஒரே குழாயில் டீசலை அழுத்தி வைத்திருக்கும் காமன் ரெயில் எஞ்சினில் ஓடும்போது எந்த நட்டையும் தளர்த்தவே கூடாது. அதில் அழுத்தம் ஆயிரம் பாருக்கும் மேலே போகும், பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், கையையே இழக்க நேரிடும். பழைய எஞ்சினிலும் கசிகிற இடத்தில் விரலை வைத்துப் பார்க்கக் கூடாது, கண்ணுக்குக் கண்ணாடி வேண்டும், எஞ்சின் பழகியவர்தான் செய்ய வேண்டும்.

எனக்கு எஸ்டிமேட் எழுதிக் கொடுத்த மேஸ்திரியை நான் ஏமாற்றுக்காரர் என்று சொல்ல வரவில்லை. அவருக்கு யாரும் இதைக் கற்றுத் தரவில்லை என்றே நினைக்கிறேன். பெரியவரின் கடையில் இப்போது உதவிக்கு ஒரு பையன்கூட இல்லை. ஐ.டி.ஐ.களில் டீசல் மெக்கானிக் பிரிவில் ஓராண்டு படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்குப் புது எஞ்சினைப் போலவே இந்தப் பழைய எஞ்சினின் சத்தத்தைக் கேட்டுப் பழகவும் வாய்ப்புத் தர வேண்டும். எங்கள் பகுதி சாலைகளில் இவை இன்னும் நிறைய ஓடுகின்றன. லாரி உரிமையாளர் சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களுக்காக ஒரு நாசில் டெஸ்டர் வாங்கி வைக்கலாம். பட்டறைக்காரர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. எஞ்சின் வேலைக்கு எஸ்டிமேட் எழுதும் சீட்டில், எந்தச் சிலிண்டர், எந்தச் சோதனையில் தெரிந்தது என்று முதல் வரியில் எழுதுங்கள்.

பெரியவர் சொல்லித்தர ஒப்புக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வண்டி வாசலில்தான் நிற்கிறது. ஐ.டி.ஐ. ஆசிரியர்கள் மாணவர்களை அழைத்து வந்தால் எஞ்சினை ஓடவிட்டுக் காட்டுகிறோம். கெட்டுப்போன அந்த நாசிலையும் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறேன். எந்த நாசில் கெட்டது என்று சொல்லாமல் ஏதாவதொரு சிலிண்டரில் அதை மாட்டி வைக்கிறோம், பிள்ளைகள் காதாலும் ஸ்பேனராலும் கண்டுபிடிக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு லாரி உரிமையாளர்,
சங்ககிரி, சேலம் மாவட்டம்.